வெட்டிய படங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு ஏன்?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ் 1080 பிக்சல் அகலம், 6480 பிக்சல் உயரத்தில் ஒரே படமாக இருக்கிறது. கோயில் இணையதளத்தில் போட்டால் திறக்க நேரமாகிறது. சமமாக ஆறு துண்டாக்கிப் போட்டேன். துண்டுகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுகிறது. தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பும் போக வேண்டும். எப்படி வெட்டுவது?

பதில்: முதலில் கோடு. அது நீங்கள் வெட்டியதில் வந்த தவறு இல்லை. இணையப் பக்கத்தில் வைத்த படத்தை உலாவி ஓர் எழுத்தைப் போலத்தான் நடத்துகிறது. ‘கு’, ‘ழ’ போன்ற எழுத்துகளின் வால் வரிக்குக் கீழே இறங்குமே, அதற்கு விடும் இடத்தைப் படத்துக்கும் கீழே விட்டுவிடுகிறது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் அந்தப் படங்களுக்கு ‘டிஸ்ப்ளே: பிளாக்’ என்று ஒரு வரி எழுதுங்கள், கோடு போய்விடும்.

ஆனால் சமமாக வெட்டியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 1080 பிக்சலுக்கு ஒரு வெட்டு என்று வைத்தால் யாகசாலை நிகழ்ச்சி நிரலின் நடுவிலோ, உபயதாரர் பெயரின் குறுக்கிலோ கத்தி விழும். ஒரே நிறமாக, எழுத்தில்லாமல் இருக்கும் இடம் பார்த்து வெட்டுங்கள். துண்டுகள் பெரிதும் சிறிதுமாக இருந்தால் ஒன்றும் குறையில்லை. ஜிம்ப் மென்பொருளில் மேலே உள்ள அளவுகோலிலிருந்து கோடுகளைக் கீழே இழுத்து வைத்துவிட்டு, இமேஜ் மெனுவில் ‘ஸ்லைஸ் யூஸிங் கைட்ஸ்’ கொடுத்தால் போதும். ஃபோட்டோஷாப்பில் இதற்கென்றே ஸ்லைஸ் கருவி இருக்கிறது.

இப்படி வெட்டும்போது வேறொரு சிக்கல் வரலாம். 1080 அகலப் படம் 393 அகலமுள்ள போன் திரையில் சுருங்கும்போது, 1000 உயரத் துண்டு 363.9 ஆகிறது. அந்தப் பின்னத்தை உலாவி எப்படியோ சரிக்கட்டும். சில போன்களில் மயிரிழை போல ஒரு கோடு எட்டிப் பார்க்கும். துண்டுகளைச் சுற்றியுள்ள பெட்டிக்கு அழைப்பிதழின் மஞ்சளையே பின்னணி நிறமாகக் கொடுத்துவிட்டால், கோடு இருந்தாலும் கண்ணில் படாது.

அச்சகத்திடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி அதிலிருந்து வெட்டுவது நல்லது. ஜேபெக் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு விஷயம்: ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது, நிறத்தைப் பெரும்பாலும் 16க்கு 16 ஆக. கட்டத்தின் நடுவில் வெட்டி மறுபடி சேமித்தால், சேருமிடத்தில் நிறம் லேசாக மாறித் தெரியலாம். ஆகவே துண்டின் உயரம் 16இன் மடங்காக இருக்கட்டும். 1080 அப்படி இல்லை, 1088 சரி.

வேகத்துக்கு வருவோம். வெட்டுவதால் மட்டும் படத்தின் எடை குறையாது. ஒரு முழு வாழையை ஆறாக நறுக்கினாலும் அதே வாழைதான். லாபம் வேறு இடத்தில்: முதல் துண்டைத் தவிர மற்றவற்றுக்கு, படத்தைப் பக்கத்தில் சேர்க்கும் எச்டிஎம்எல் வரியில் ‘லோடிங்: லேசி’ என்ற பண்பைக் கொடுத்தால், பார்ப்பவர் கீழே உருட்டி வரும்போதுதான் அவை இறங்கும். ஒவ்வொன்றுக்கும் அகலம், உயரம் இரண்டையும் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் படிக்கும்போதே பக்கம் குதிக்கும். ஜேபெக் தரத்தை 75 அளவுக்கு இறக்கிப் பாருங்கள், எழுத்து கலங்காவிட்டால் அதுவே போதும்.

தொலைபேசி எண்ணுக்காகத் தனித் துண்டு வெட்ட வேண்டாம். படத்தின் மேல் ஆயங்கள் (இடத்தைக் காட்டும் பிக்சல் எண்கள்) குறித்து இணைப்புத் தரும் ‘இமேஜ் மேப்’ முறையும் இங்கே உதவாது. போனில் படம் சுருங்கும், ஆயங்கள் சுருங்காது. விரல் ஓரிடம் தொட, இணைப்பு வேறிடத்தில் கிடக்கும். கடைசித் துண்டுக்குக் கீழே தேதி, நேரம், எண் மூன்றையும் எழுத்தாகவே தட்டச்சு செய்துவிடுங்கள். தேடுபொறிக்கும் அகப்படும், திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கும் கேட்கும். எண்ணுக்கு, தொட்டால் அழைப்புப் போகும் ‘டெல்’ இணைப்புக் கொடுக்கும்போது முன்னால் +91 சேருங்கள். சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர் தொட்டாலும் அழைப்பு கோயில் அலுவலகத்துக்கே வரும்.