ஒரே போர்ட், பல கருவிகள்: ஸ்விட்ச் பாக்ஸ் பற்றிய வாசகர் கேள்விகள்

கணினியில் இருப்பது ஒரே போர்ட், இணைக்க வேண்டியவையோ இரண்டு மூன்று கருவிகள் என்ற நிலையில் உள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு போர்ட்டை இக்கருவிகளில் ஒன்றுக்கு மாற்றி மாற்றி இணைத்துத் தரும் பெட்டியே ஸ்விட்ச் பாக்ஸ். யூ.எஸ்.பி.க்கு முன் பிரிண்டர், மோடம் போன்றவற்றை இணைக்கப் பயன்பட்ட பழைய பேரலல், சீரியல் போர்ட்களைப் பற்றிய கேள்விகளே இவற்றில் மிகுதி. நன்றாக உழைக்கும் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையோ அளவீட்டுக் கருவியையோ அதன் போர்ட் பழையது என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது என்றே நானும் கருதுகிறேன்.

கேள்வி: ஒரு பேரலல் போர்ட்டில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் லேசர் பிரிண்டரையும் குமிழ் வைத்த ஸ்விட்ச் பாக்ஸ் மூலம் இணைத்திருக்கிறேன். லேசர் பிரிண்டர் பழுதாகிவிடும் என்று நண்பர் எச்சரிக்கிறார். உண்மையா?

பதில்: உண்மைதான். லேசர் பிரிண்டர் தயாரிப்பாளர்கள் சிலர், இத்தகைய பெட்டியால் நேரும் பழுதுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று தங்கள் கையேடுகளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கான காரணம் பெட்டிக்குள்தான் இருக்கிறது. திறந்து பார்த்தால் வெறும் உலோகத் தொடுமுனைகளும் கம்பிகளும் மட்டுமே தென்படும். மின்னணுப் பகுதி எதுவும் இராது. பேரலல் போர்ட்டின் 25 முனைகளில் 17 சைகைகளுக்கும், 8 மின்னழுத்தத்தின் சுழிய மட்டமான தரை இணைப்புக்கும் உரியவை. கேபிளை நேரடியாகச் செருகும்போது இணைப்பியின் உலோக விளிம்பு முதலில் தொட்டு, இரண்டு கருவிகளின் தரை மட்டத்தையும் சமமாக்கிவிடுகிறது. அதன் பிறகே உள்ளே இருக்கும் முனைகள் சேர்கின்றன. குமிழைத் திருப்பும்போதோ இந்த வரிசைக்கு எந்த உறுதியும் கிடையாது. தரைக் கம்பிகளும் குமிழோடு சேர்ந்து மாறும் பெட்டியாக இருந்தால், தரை இணைப்பு விலகிய பின்னும் ஒரு சைகைக் கம்பி தொட்டுக்கொண்டிருக்கக்கூடும். அந்தக் கணத்தில் இரு கருவிகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு முழுவதும் அந்தக் கம்பி வழியாக, 5 வோல்ட் அளவில் வேலை செய்யும் சில்லுக்குள் பாய்கிறது. சில்லு ஒரே நாளில் கருகாமல் போகலாம். பல முறை சிறிது சிறிதாக அடிபட்டு, காரணம் தெரியாமல் ஒரு நாள் செயலிழப்பதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. ஓர் எழுத்துக்கான தரவு தயாராக இருக்கிறது என்பதைக் கணினி ‘ஸ்ட்ரோப்’ என்ற கம்பியில் ஒரு சிறு துடிப்பு மூலம் பிரிண்டருக்குத் தெரிவிக்கிறது. குமிழ் திரும்பும்போது அந்தக் கம்பி எதனுடனும் சேராமல் மிதப்பதாலும், தொடுமுனைகள் ஒட்டுவதற்குள் பல முறை துள்ளுவதாலும் பொய்யான துடிப்புகள் உருவாகி, பிரிண்டர் பொருளற்ற குறிகளை அச்சிடத் தொடங்கிவிடும்.

ஆகவே லேசர் பிரிண்டர் இருக்குமானால், தனக்கென மின்சாரம் பெற்று இயங்கும் மின்னணு ஸ்விட்ச் பாக்ஸையே பயன்படுத்துங்கள். வாங்கும்போது எல்லாக் கம்பிகளும் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். பேரலல் போர்ட்டுக்கென 1994-இல் வந்த ஐ.இ.இ.இ. 1284 என்ற தரம், பிரிண்டர் கணினியோடு திரும்பப் பேசவும் வழிசெய்தது. சில கம்பிகள் விடுபட்ட பெட்டியில் அந்தப் பேச்சு அறுந்துவிடும். கேபிளின் நீளத்தைக் கணக்கிடும்போது பெட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டையும் கூட்டிப் பாருங்கள். சாதாரண கேபிள் என்றால் மொத்தம் 3 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. 1284 தரத்துக்கு ஏற்ப உருவான கேபிள் 10 மீட்டர் வரை தாங்கும்.

கேள்வி: மின்னணுப் பெட்டி உடனே வாங்க இயலாது. இருக்கும் பெட்டியையே ஆபத்தில்லாமல் பயன்படுத்த வழி உண்டா?

பதில்: அச்சு வரிசை காலியாகி, பிரிண்டரின் தரவு விளக்கும் அணைந்த பிறகே குமிழில் கை வைக்க வேண்டும். திரையில் வேலை முடிந்துவிட்டதாகத் தெரிந்தாலும் பிரிண்டரின் நினைவகத்தில் இன்னும் பக்கங்கள் காத்திருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பிறகு இரண்டு பிரிண்டர்களையும் அணைத்து, குமிழைத் தயங்காமல் ஒரே வீச்சில் அடுத்த இடத்தில் உறுதியாக நிறுத்தி, தேவையான பிரிண்டரை மட்டும் இயக்குங்கள். நாளுக்குப் பத்து முறை இப்படிச் செய்வது சலிப்பூட்டும் என்பதை அறிவேன். ஆயினும் இயங்கிக்கொண்டிருக்கும் லேசர் பிரிண்டரில் குமிழைத் திருப்பலாம் என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: அதே பெட்டியில் பேரலல் போர்ட் வட்டு இயக்கி ஒன்றையும் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். பிரிண்டரில் இணைப்பு துண்டானால் ஒரு தாள்தான் வீணாகும். வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது துண்டானால் கோப்புப் பட்டியலே சிதைந்து, அன்று தொடாத கோப்புகளும் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: சீரியல் போர்ட்டில் ஒரு மோடமும் ஓர் அளவீட்டுக் கருவியும் உள்ளன. இதற்கும் அதே எச்சரிக்கை பொருந்துமா?

பதில்: மின் சேதத்தைப் பொறுத்தவரை அவ்வளவு அச்சம் தேவையில்லை. சீரியல் போர்ட் பின்பற்றும் ஆர்.எஸ்.-232 தரம், நீண்ட கேபிளையும் தவறான இணைப்பையும் எதிர்பார்த்தே வகுக்கப்பட்டது. பெறும் முனை கூட்டலிலும் கழித்தலிலும் 25 வோல்ட் வரை தாங்க வேண்டும்; அனுப்பும் முனை வேறொரு கம்பியோடு குறுக்கிணைந்தாலும் கெடக் கூடாது. இங்கே சிக்கல் தருபவை கட்டுப்பாட்டுக் கம்பிகள்தாம். கணினி தயாராக இருப்பதைத் தெரிவிக்கும் டி.டி.ஆர். என்ற கம்பியில் சைகை மறைந்தால் பல மோடம்கள் அழைப்பைத் துண்டித்துவிடும். சில நுண்கட்டுப்பாட்டுப் (மைக்ரோகண்ட்ரோலர்) பலகைகள் தம்மை மறுதொடக்கம் செய்துகொள்ளும். ஆகவே மோடம் தொடர்பில் இருக்கும்போதோ, கருவி அளவீடுகளை அனுப்பிக்கொண்டிருக்கும்போதோ மாற்றாதீர்கள். ஒன்பது கம்பிகளையும் மாற்றித் தரும் பெட்டியாகவும் தேர்ந்தெடுங்கள். கணினியிலிருந்து நிரலைப் பெற்றபடியே உலோகத்தைக் கடையும் இயந்திரத்தை மட்டும் இப்படிப் பகிரவே கூடாது. அங்கே தவறினால் ஆளுக்கே காயம் ஏற்படலாம்.

கேள்வி: யூ.எஸ்.பி. போர்ட் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. ஸ்விட்ச் வாங்குவதா, ஹப் வாங்குவதா?

பதில்: ஹப்தான். ஒரு போர்ட்டில் பல கருவிகளை ஒரே நேரத்தில் இணைப்பது ஹப். யூ.எஸ்.பி. ஸ்விட்ச் என்று விற்கப்படுவது பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது: ஒரு கருவியை இரண்டு கணினிகளுக்கு மாற்றி மாற்றித் தருவது. பெயரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.

செருகுவதும் கழற்றுவதும் யூ.எஸ்.பி.யில் ஆபத்தில்லாமல் இருப்பதற்குக் காரணம், மின்சார முனையும் தரை முனையும் தரவு முனைகளைவிட நீளமாக இருப்பதே. அவை எப்போதும் முதலில் சேர்ந்து கடைசியில் பிரிகின்றன. குமிழ்ப் பெட்டியில் இல்லாத வரிசை இங்கே இணைப்பியின் வடிவத்திலேயே அமைந்திருக்கிறது. ஆனால் மின்சாரத்தின் அளவில் கவனம் வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று 500 மில்லி ஆம்பியர் வரையும், 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரையும் தரும். அடாப்டர் இல்லாத நான்கு வாய் 2.0 ஹப், தனக்கென 100 மில்லி ஆம்பியரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் 100 மட்டுமே தர இயலும். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அது போதும். வெளிப்புற ஹார்ட் டிஸ்க் அதில் சுழலத் தொடங்கி நின்றுவிடுவதும், எழுதும்போது தொடர்பு அறுவதும் இதனால்தான். அதற்கு அடாப்டர் உள்ள ஹப் வேண்டும்.

அடாப்டர் உள்ள ஹப்பிலும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். கணினியை முழுவதும் அணைத்து அதன் மின்கம்பியையும் எடுத்த பிறகு, ஹப் இணைந்திருக்கும்வரை கணினியின் விளக்கு ஏதேனும் மங்கலாக எரிந்தால், ஹப் தன் மின்சாரத்தைக் கணினிக்குள் பின்னோக்கிச் செலுத்துகிறது என்று பொருள். அந்த ஹப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரு முனைகளிலும் தட்டையான ஏ வகை இணைப்பி கொண்ட சாதாரண கேபிளால் இரண்டு கணினிகளை இணைப்பதும் இதே தவறுதான்; இரண்டு மின்வழங்கிகளும் நேருக்கு நேர் மோதுகின்றன.

கேள்வி: பழைய வட்ட இணைப்பி கொண்ட பி.எஸ்./2 கீபோர்டை ஓடும் கணினியில் மாற்றலாமா?

பதில்: கூடாது. அது ஓட்டத்தில் மாற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. மதர்போர்டில் உள்ள சிறு ஃபியூஸ் போய்விடலாம். கீபோர்டு எப்போதும் இணைந்திருப்பதைப் போலக் கணினிக்குக் காட்டும் மின்னணு கே.வி.எம். பெட்டி (ஒரே கீபோர்டு, திரை, மவுஸைப் பல கணினிகளுக்குப் பகிர்வது) இருந்தால் மட்டும் மாற்றலாம்.

கேள்வி: ஸ்விட்ச் பாக்ஸின் உலோக உறையைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறது. பெட்டி பழுதா?

பதில்: பெட்டி பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு, எர்த் இணைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதை இன்றே கவனியுங்கள். கணினியின் மின்வழங்கியில் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் இரண்டு மின்கம்பிகளுக்கும் உறைக்கும் இடையே இருக்கின்றன. எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மின்னோட்டம் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் உலோக உறை முழுவதும் மின்னிணைப்பு மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி அளவில் மிதந்துகொண்டிருக்கும். இதில் கசியும் மின்னோட்டம் பொதுவாக மிகச் சிறியது. ஆனால் மின்வழங்கிக்குள் வேறு பழுது நேர்ந்தால், எர்த் இல்லாத உறை உயிருக்கே ஆபத்தாகிவிடும். முதல் பதிலில் சொன்ன மின்னழுத்த வேறுபாட்டுக்கும் பல நேரங்களில் இதுவே மூலம்.

கணினி, பிரிண்டர்கள், பெட்டியின் அடாப்டர் அனைத்தையும் அணைத்துச் சுவரிலிருந்து எடுத்த பிறகு கேபிள்களைக் கழற்றுங்கள். எந்தப் பிளக்கிலாவது எர்த் முனை உடைந்திருக்கிறதா, இரண்டு முனை மாற்றி எங்காவது இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் சுருக்கென்ற உணர்வு நீடித்தால், சாக்கெட்டின் எர்த் கம்பியே அறுந்திருக்கக்கூடும். அதை மின்பணியாளரைக் கொண்டு அளந்து பார்க்கச் செய்யுங்கள். பின்னர் எல்லாக் கருவிகளையும் ஒரே எர்த்தைச் சேர்ந்த சாக்கெட்டுகளில் இணைக்க வேண்டும். லேசர் பிரிண்டரை மட்டும் யூ.பி.எஸ்.ஸில் சேர்க்காமல் நேரடியாகச் சுவரில் செருகுங்கள். அதன் சூடேற்றி இழுக்கும் மின்னோட்டத்தைச் சிறிய யூ.பி.எஸ். தாங்காது. சாக்கெட்டை அளந்து முடிக்கும் வரை அந்தப் பெட்டியில் எதையும் இணைக்காதீர்கள்.