கணினி கேள்வி பதில்: மாட்யூலைக் கெர்னல் ஏற்க மறுத்தால்

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் லினக்ஸ் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். புதிதாக வாங்கிய சர்வரில் உபுண்டு நிறுவி, அளவீட்டுக் கருவிக்கான டிரைவரை நானே கம்பைல் செய்தேன். அதை ஏற்றினால், சாவி நிராகரிக்கப்பட்டதாகப் பிழைச்செய்தி வருகிறது. ‘ஃபோர்ஸ்’ (கட்டாய ஏற்றம்) கொடுத்து ஏற்றலாம், இல்லையேல் செக்யூர் பூட்டை (நம்பத்தக்க கையொப்பமுள்ள மென்பொருளை மட்டுமே கணினி தொடங்க அனுமதிக்கும் பாதுகாப்பை) அணைத்துவிடலாம் என்கிறார் நண்பர். எதைச் செய்வது, ஐயா?
– ச. மு., பட்டர்வொர்த்

பதில்: ‘ஃபோர்ஸ்’ உங்களுக்கு உதவாது. உங்கள் டிரைவர் ஒரு மாட்யூல், அதாவது லினக்ஸின் மையக்கருவான கெர்னலுக்குள் ஏற்றப்படும் நிரல். அதை ஏற்றும்போது கெர்னல் இரு வேறு கேள்விகளைக் கேட்கிறது: இதற்குத் தம் சாவியால் டிஜிட்டல் கையொப்பமிட்டவர் நம்பத்தக்கவரா, இது எனக்குப் பொருந்துமா என்பவை அவை. ‘ஃபோர்ஸ்’ இரண்டாவது கேள்வியை மட்டுமே தவிர்க்கிறது. அப்படித் திணிக்கப்படும் மாட்யூலைக் கையொப்பமற்றதாகவே கருதி, செக்யூர் பூட் இயங்கும் உங்கள் சர்வர் மீண்டும் மறுத்துவிடும்.

பொருத்தச் சோதனையைச் சடங்காக நினைக்க வேண்டாம். சாதாரண நிரல் பிழை செய்தால் அது மட்டும் நின்றுபோகும்; கெர்னலுக்குள் அப்படிப்பட்ட தடுப்புச்சுவர் கிடையாது. பழைய கெர்னலில் ஒரு தரவுக் கட்டமைப்பின் 40ஆவது பைட்டில் இருந்த புலம் புதியதில் 48ஆவது பைட்டுக்கு நகர்ந்திருந்தால், பழையதற்காகக் கம்பைல் செய்த மாட்யூல், வேறெதற்கோ உரிய இடத்தில் தயக்கமின்றி எழுதும். உடனே இயந்திரம் நின்றால் அது நல்வாய்ப்பு, பல நாள் கழித்துக் கோப்புகள் சிதைந்திருப்பது தெரிய வந்தால் காரணத்தைத் தேடுவதே பெரும்பாடு. இதைத் தடுக்கவே மாட்யூலில் கெர்னல் பதிப்பும் முக்கிய அமைப்புகளும் பதிக்கப்படுகின்றன. அது பயன்படுத்தும் ஒவ்வொரு கெர்னல் செயற்கூறுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்க்கும் வசதியும் உண்டு.

கையொப்பச் சோதனை 2012இல், 3.7 பதிப்பில் லினக்ஸுக்கு வந்தது. கையொப்பம் கோப்பின் கடைசியில் ஒட்டப்படுகிறது. ஆகவே கையொப்பமிட்ட பின் ‘ஸ்ட்ரிப்’ கட்டளையால் கோப்பைச் சுருக்கினால் அது பறிபோகும். நிரலில் பிழையில்லை என்பதற்குக் கையொப்பம் சான்றாகாது. சாவி உடையவர் கையொப்பமிட்ட பின் கோப்பில் எவரும் கை வைக்கவில்லை என்பதே அதன் பொருள்.

செக்யூர் பூட்டை அணைக்காமல், நீங்களே ஒரு சாவி இணையை (கையொப்பமிடும் தனிச்சாவி, அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவி) உருவாக்கி, பொதுச்சாவியை ‘மோக்யூட்டில்’ என்னும் கட்டளை மூலம் பதிவு செய்து, மாட்யூலுக்குக் கையொப்பமிடுங்கள். மறுதொடக்கத்தின்போது நீலத் திரையில் கடவுச்சொல் கேட்கும். அப்போது சர்வரின் திரைக்கும் விசைப்பலகைக்கும் முன்னால் ஒருவர் இருந்தாக வேண்டும், வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்னும் தொலைநிலை இணைப்பு வழியாக அதைச் செய்ய இயலாது. தனிச்சாவியை அதே சர்வரில் விட்டுவைக்காதீர்கள். ரூட் உரிமையை (முழு நிர்வாக உரிமையை) கைப்பற்றியவர் அதைக் கொண்டே தம் மாட்யூலுக்கும் கையொப்பமிட்டுவிடுவார்.

தேவையான எல்லா மாட்யூல்களும் ஏறிய பிறகு, ‘கெர்னல்.மாட்யூல்ஸ்_டிசேபிள்ட்’ என்னும் கெர்னல் அமைப்பின் மதிப்பை 1 ஆக்கினால், மறுதொடக்கம் வரை புதிதாக எதுவும் ஏறாது, ஏறியதை நீக்கவும் முடியாது. உற்பத்தி நேரத்தில் புதிய கருவி எதையும் செருக வேண்டியிருக்காது என்று மேற்பார்வையாளரிடம் உறுதிசெய்துகொண்டு அதைச் செய்யுங்கள்.