கருவா மரத்தைப் பிடுங்காதீர்கள், வெட்டுங்கள்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் அருமனை பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் 4 வருடம் முன்பு 60 கருவாப்பட்டைக் (இலவங்கப்பட்டை) கன்று நட்டேன். இப்போது ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். பிப்ரவரியில் உரித்துப் பார்த்தேன், பட்டை துண்டு துண்டாகக் கிழிகிறது. சந்தையில் காட்டினால் "தடிப் பட்டையா இருக்கு, சுருளே வரலையே" என்று மிகக் குறைந்த விலை சொல்கிறார்கள். பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது வைக்கட்டுமா சார்?

பதில்: பிடுங்க வேண்டாம், உங்கள் மரத்தில் ஒரு குறையும் இல்லை. அதை மரமாக வளரவிட்டதுதான் தவறு. கருவாவை நாம் புதராக வளர்க்க வேண்டும். நட்ட இரண்டாம் வருடமே தரையிலிருந்து அரை அடி விட்டு வெட்டி, அடிக்கட்டையைச் சுற்றி மண் அணைத்திருந்தால், இந்நேரம் தூருக்கு நாலைந்து கம்புகள் நேராக எழுந்து நிற்கும். நல்ல சுருள் பட்டை அந்த இளங்கம்பில்தான் கிடைக்கும், முற்றிய தடியில் கிடைக்காது. வளர்ந்த மரத்தில் கத்தி வைக்க யாருக்கும் மனசு வராது, தெரியும், ஆனாலும் இப்போது செய்தாலும் காலம் கடந்துவிடவில்லை.

அடுத்தது, பிப்ரவரியில் உரித்தது. வெயில் காலத்தில் பட்டை கட்டையோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், என்ன செய்தாலும் கிழியும். இடவப்பாதி மழை (ஜூன் வாக்கில் வரும் தென்மேற்குப் பருவமழை) இறங்கியதும் மரம் செக்கச்செவேல் என்று தளிர் விடுமே, அந்தச் சிவப்பு மாறி இலை பச்சையாகும் வரை பொறுங்கள். அப்புறம் ஒரு கம்பில் கத்தி முனையால் சின்னதாகக் கீறி நெம்பிப் பாருங்கள். பட்டை வழுக்கிக்கொண்டு எழுந்து, உள்ளே கட்டை ஈரமாக மினுங்கினால் அதுதான் நேரம். எழவில்லையா, கத்தியை மடக்கி வைத்துவிட்டு இன்னும் ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

அந்த நாளிலேயே மரத்தையும் வெட்டிவிடலாம், அப்போது கிளைகளில் கட்டைவிரல் தடிமனில் இருப்பதெல்லாம் உங்கள் முதல் அறுவடை ஆகிவிடும். அடிக்கட்டையில் தண்ணீர் தேங்காமல் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவுங்கள். வெட்டிய கம்பை அன்றைக்கே உரித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் பட்டை இறுகிவிடும். முதலில் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பித்தளைக் கம்பியால் அழுத்தி நன்றாகத் தேய்க்கவேண்டும், பட்டை கட்டையை விட்டு இளகுவது இந்தத் தேய்ப்பில்தான், அவசரப்படுகிறவர்கள் இதை விட்டுவிட்டுத்தான் கிழித்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு அடிக்கு ஒரு வளையமாகக் கீறி, நீளவாக்கில் எதிரெதிரே இரண்டு கீறல் போட்டால் இரண்டு பாதியாகக் கழன்று வரும். ஒன்றுக்குள் ஒன்றை அடுக்கி, உடைந்த துண்டுகளை உள்ளே திணித்து நிழலில் காயவையுங்கள். எடுத்த எடுப்பில் வெயிலில் போட்டால் கோணிக்கொள்ளும்.

வெட்டிய தூரில் ஏகப்பட்ட தளிர் வரும், நேராக ஓடும் நாலைந்தை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளையையும் அவ்வப்போது கழியுங்கள். ஏறக்குறைய இரண்டு வருடத்தில் கம்பு உரிக்கிற பருவத்துக்கு வந்துவிடும். உரம் பெரிய விஷயமில்லை: தூருக்கு 20 கிலோ தொழு உரம், அதோடு யூரியா 175 கிராம், ராக் பாஸ்பேட் 360, பொட்டாஷ் 135 கிராம், இதை ஜூனிலும் செப்டம்பரிலும் பாதிப் பாதியாகக் கொடுத்தால் போதும். தளிர் இலையைப் புழு தின்றால் கையால் பொறுக்கிவிடுங்கள். இலைப்புள்ளி, நுனிக் கருகல் தெரிந்தால் கருகிய கிளையை வெட்டி எறிந்துவிட்டு 1 சதவீத போர்டோ கலவை தெளியுங்கள்.

வருமானத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக வளர்ந்த தோட்டத்திலேயே பத்தாம் வருடத்தில் தூருக்கு 200 முதல் 250 கிராம் காய்ந்த பட்டைதான் வரும். உங்கள் 60 தூருக்கு 12 முதல் 15 கிலோ. குடும்பம் நடத்த இது போதாது, தென்னைக்கு நடுவே ஒரு உபவருமானம், அவ்வளவுதான். ஆனால் சரக்கு சுத்தமானது. கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காசியா என்ற வேறு இன மரத்தின் பட்டை, தடியாக, கல் மாதிரி, ஒற்றைச் சுருளாக இருக்கும், கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம், தினமும் நிறையச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆகாது. நம் கருவா தாள் தாளாக அடுக்கி, கையால் நொறுக்கலாம், வாயில் போட்டால் இனிக்கும், கூமரின் மிகமிகக் குறைவு. இந்த வித்தியாசத்தை வாங்குகிறவரிடம் ஒரு துண்டை உடைத்துக் காட்டி விற்றுப் பாருங்கள். முற்றிய தடியின் பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், சுருள் வராவிட்டாலும் வீட்டில் மசாலாவுக்கும் கட்டன்சாயாவுக்கும் (பால் சேர்க்காத டீ) ஆகும். இலையையும் காயவைத்துக் குழம்பில் போடலாம். இலையில் வைத்து அவிக்கும் தெரளிக் கொழுக்கட்டைக்கு நம் வீடுகளில் எடுப்பது இதன் காட்டு உறவான வயணை இலை, அந்த மணத்தின் சாயல் இதிலும் உண்டு.

இனி கன்று வாங்குவதாக இருந்தால் விதைக் கன்று வேண்டாம், ஒன்றுபோல் ஒன்று வராது. பக்கத்திலேயே பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர்கள் வெளியிட்ட பிபிஐ (சி) 1 ரகத்தில் பதியன் கன்றோ வேர்விட்ட குச்சியோ கிடைக்குமா என்று கேளுங்கள். முதலில் 10 மரத்தை வெட்டிப் பழகுங்கள், தளிர் வந்ததும் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தக் கம்பை விடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.