தாத்தாவின் தோல் ஏப்ரன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கும்பகோணத்தில் வக்கீலாக இருந்த எங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், நீலக் கரை வைத்த வெள்ளைத் தோல் ஏப்ரன் ஒன்றும், மூலைமட்டமும் கவராயமும் பின்னிய பித்தளைச் சின்னம் ஒன்றும் கிடைத்தன. படம் இணைத்துள்ளேன். ‘ஏவல் சாமான், காவிரியில் விட்டுவிடு’ என்கிறார் பெரியப்பா. விட்டுவிடலாமா?

– கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

விட வேண்டாம். அவை ஃபிரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் சடங்குப் பொருட்கள். ஏப்ரனில் மூன்று நீலப் பூமுடிச்சுகளும் இருபுறமும் ஏழேழு குஞ்சங்களும் படத்தில் தெளிவாகத் தெரிவதால், தாத்தா அச்சபையின் மூன்றாம் படிவரை சென்றவர் என்று கொள்ளலாம். சபை கூடும்போது வேதநூலின் மேல் மூலைமட்டத்தையும் கவராயத்தையும் வைப்பார்கள். முதற்படியில் கவராயத்தின் இரு முனைகளும் மட்டத்துக்கு அடியில் மறைந்திருக்கும், இரண்டாம் படியில் ஒன்று மேலே வரும், மூன்றாவதில் இரண்டும் வெளிப்படும். படிப்படியாக அறிவு துலங்குவதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டும் சடங்கு எனக்கு வேறு தெரியாது.

1717இல் லண்டனின் நான்கு லாட்ஜுகள், அதாவது ஃபிரீமேசன் கிளைச் சபைகள், சேர்ந்து தலைமைச் சபையை அமைத்தன. கல்தச்சரின் கருவிகளையே அவர்கள் அறநெறிக்குக் குறியீடாக்கினார்கள்: மூலைமட்டம் கோணாத நடத்தைக்கு, கவராயம் ஆசைக்கு இடும் எல்லைக்கு, தூக்குக்குண்டு நிமிர்ந்த வாழ்வுக்கு. இது நம் பகுதிக்கும் புதிதன்று. 1770களிலேயே ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உமரா திருச்சிராப்பள்ளி லாட்ஜில் சேர்ந்தார். லண்டன் தலைமைச் சபை அவருக்கு அலங்கரித்த நீல ஏப்ரன் ஒன்றை அனுப்பி வைத்தது.

பெரியப்பாவிடம் ஒன்று கேளுங்கள். திருவையாற்றில் எங்கள் வீடு கட்டிய கொத்தனார், ஆயுத பூஜையன்று கரணையையும் ரசமட்டத்தையும் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு ஏறி வெளுத்த தூக்குநூலைக் குண்டில் சுற்றி, சந்தனமும் குங்குமமும் இட்டு வாழையிலையில் வைப்பார். மறந்தும் அவற்றைத் தாண்டமாட்டார். அதைச் சூனியம் என்று பெரியப்பா சொல்வாரா? கோர்ட்டுக்குக் கறுப்புக் கோட்டு போட்டுப் போன உங்கள் தாத்தா, கல்தச்சர் இடுப்பில் கட்டும் தோலைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு சபையில் நின்றிருக்கிறார். உழைப்பாளியின் உடையைப் பெருமைக்குரியதாக ஏற்ற அந்தச் செயலே என்னை நெகிழவைக்கிறது.

தோலை மடிக்காமல், பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பெட்டியின் அடியையும் துழாவிப் பாருங்கள். மூன்றாம் படி ஏறியவருக்குத் தலைமைச் சபை சான்றிதழ் தருவது வழக்கம். அது கிடைத்தால் தாத்தா சேர்ந்த தேதியும் லாட்ஜின் பெயரும் தெரிந்துவிடும்.