தானாக ரீஸ்டார்ட் ஆகும் கணினி: கேள்வி பதில்

வேலை நடுவில் சட்டென்று செத்து, தானாகவே மறுபடி எழுந்துகொள்ளும் மேசைக் கணினிகளைப் பற்றி மட்டும் இன்று கேளுங்கள். லேப்டாப், பிரிண்டர் எல்லாம் இன்னொரு நாள். நீலத்திரை (விண்டோஸ் தடுமாறி விழும்போது காட்டும் பிழைத்திரை) வந்துவிட்டு ரீஸ்டார்ட் ஆகிறதா, ஒன்றுமே வராமல் ஆகிறதா, என்ன செய்துகொண்டிருந்தபோது ஆகிறது, இதையெல்லாம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க முடியும்.

கேள்வி: கேம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் அப்படியே அணைந்து ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத்திரை இல்லை. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) கர்னல் பவர் 41 என்று இருக்கிறது. அந்தப் பிழையை எப்படி நீக்குவது?

அதை நீக்க முடியாது, ஏனென்றால் அது நோயே இல்லை. "போன முறை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை" என்று விண்டோஸ் அடுத்த முறை எழுந்த பிறகு எழுதிவைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். அதைத் திறந்து விவரங்களில் பக்செக்கோடு என்ற எண்ணைப் பாருங்கள். 0 இல்லாமல் வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது, உங்கள் கண்ணில் படவில்லை. அந்த எண் தசம முறையில் இருக்கும், நீலத்திரைக் குறியீடுகளோ பதினாறடி எண்கள் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை). 159 என்று இருந்தால் 9எஃப் என்று மாற்றிக்கொண்டுதான் தேட வேண்டும். 0 என்றால் விண்டோஸுக்குப் பேனாவை எடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை, அதாவது பெரும்பாலும் மின்சாரம் அல்லது வன்பொருள்.

உங்களுக்கு 0 என்றே வைத்துக்கொள்வோம். லோடு ஏறும்போது மட்டும் போகிறது, அதனால் கிராபிக்ஸ் கார்டும், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸும்தான் என் முதல் சந்தேகம். கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்து, இரண்டு தலை உள்ள ஒரே கேபிளை இரண்டிலும் செருகியிருந்தால் தனித்தனிக் கேபிளாக மாற்றுங்கள். ஒரு 8 பின் இணைப்புக்குக் கணக்கு 150 வாட், மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட். அப்புறம் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் பாதிக் கேஸ் முடிந்தது. சூடு காரணமாக இருக்குமோ என்று அடுத்து கேட்பீர்கள். ப்ராசசர் தாங்க முடியாத சூட்டில் தன்னை அணைத்துக்கொண்டால் பெரும்பாலும் அணைந்தேதான் கிடக்கும், துள்ளி எழாது.

எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ் மாற்றினால் பழையதன் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்களைப் புதியதில் செருகாதீர்கள். முனை அச்சாகப் பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும், ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் ஒரே நொடியில் காலி.

கேள்வி: நீலத்திரை வருகிறது, படிப்பதற்குள் போய்விடுகிறது.

அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி போய், ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்ற டிக்கை எடுங்கள். இனி திரை நிற்கும், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் கோப்புகளும் (விழுந்த நொடியின் பதிவு) இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவரின் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) பெயர் வந்தால் அந்த டிரைவரைச் சந்தேகப்படலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு குறியீடு என்றால் நான் முதலில் ரேமைத்தான் பார்ப்பேன்.

கேள்வி: எனக்கும் கர்னல் பவர் 41. என்ன செய்வது?

முதல் பதில்.

கேள்வி: இருந்த இரண்டு ரேமோடு இன்னும் இரண்டு போட்டேன், அன்றிலிருந்து விதவிதமான நீலத்திரை. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே வேகம்.

கம்பெனி ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். ஒரே பெட்டியில் சேர்ந்து வந்தவை மட்டும்தான் சேர்ந்து ஓடும் என்று சோதிக்கப்பட்டவை. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் மதர்போர்டு மென்பொருள்) எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்துவிட்டு ஓட்டுங்கள். அதிலேயே சரியாகிவிட்டால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம், குறிப்பாக டிடிஆர்5 வகை ரேம் என்றால் நான்கு ஸ்டிக் போட்டு முழு வேகம் எதிர்பார்ப்பது பேராசை. சரியாகாவிட்டால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், "ஒன்றுதானே" என்ற சலுகையெல்லாம் கிடையாது. அப்புறம் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே.

கேள்வி: பார்மட் போட்டால் சரியாகிவிடுமா?

மென்பொருள் கோளாறு என்றால் ஆகலாம். நீங்கள் இன்னும் அறிகுறியே சொல்லவில்லை.

கேள்வி: இன்டெல் 14ஆம் தலைமுறை ஐ9. கேம் ஷேடர் (படம் வரையும் சிறு நிரல்கள்) தயாராகும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லி மூடிக்கொள்கிறது, சில நாள் நீலத்திரை. கார்டை மாற்றியும் அதேதான்.

கார்டு பாவம். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் சிப்பே மெல்ல மெல்லக் கெட்டுப்போகும் சிக்கல் 2024இல் பெரிதாக வெடித்தது. இன்டெல் அந்த ஆண்டு ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடு (ப்ராசசரின் உள் நிரலுக்கான திருத்தம்) கொடுத்தது, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் திருத்தம் கிடைக்கப் பயாஸைப் புதுப்பியுங்கள். ஆனால் அது மேற்கொண்டு கெடாமல் காக்கத்தான். ஏற்கெனவே கெட்ட சிப்பைத் திருப்பித் தராது. புதுப்பித்த பிறகும் மூடிக்கொண்டால் வாரண்டியில் மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: யுபிஎஸ் இருந்தும் கரண்ட் போனால் ரீஸ்டார்ட் ஆகிறது.

சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லிநொடி எடுக்கும். அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் உள்ள சேமிப்பை வைத்துச் சமாளிக்க வேண்டும். வயதானால் சமாளிக்காது. யுபிஎஸ் பேட்டரியையும் பாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் எஸ்எம்பிஎஸ் மேலேயே பழி போடுகிறீர்கள். எனக்கும் நீலத்திரை இல்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறது. மல்டிமீட்டரில் 12.1 வோல்ட் சரியாக இருக்கிறது.

சும்மா இருக்கும்போது எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் நல்ல பிள்ளைதான்.

அவரே: லோடு கொடுத்தும் அளந்தேன். 11.9.

11.4 முதல் 12.6 வரை ஏற்கலாம், சரி. ஆனால் மல்டிமீட்டர் நொடிக்குச் சில முறை சராசரியைத்தான் காட்டும். கிராபிக்ஸ் கார்டு மைக்ரோநொடிக் கணக்கில் இழுக்கும் இழுப்பு அதற்குத் தெரியவே தெரியாது. 2022இல் வந்த எஸ்எம்பிஎஸ் தரவிதியான ஏடிஎக்ஸ் 3.0, தன் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று சும்மாவா விதி போட்டது?

அவரே: அப்படியானால் திறந்து கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா பார்க்கிறேன்.

வேண்டாம்! வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். வேறு ஒன்றைக் கடன் வாங்கிப் போடுங்கள். அதன் கேபிளோடு. கேபிளோடு!

அவரே: பக்கத்து அறைக் கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டேன், கேபிளும் அதனுடையதே. இப்போதும் ரீஸ்டார்ட். பயாஸ் திரையில் சும்மா நிற்கும்போதே ஆகிறது.

பயாஸ் திரையிலா? இதை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா. சரி, நானும் கேட்டிருக்க வேண்டும். ஆரம்பத்தில் பெரிதாக எழுதிவிட்டு உங்களிடம் கேட்காமலே எஸ்எம்பிஎஸ் பின்னால் ஓடிவிட்டேன். கேபினெட் முன்பக்கத்திலிருந்து மதர்போர்டுக்கு வரும் மெல்லிய வயர்களில் ரீசெட் என்று எழுதிய இரண்டு பின் முனை ஒன்று இருக்கும். அதை மட்டும் உருவிவிட்டு ஓட்டுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள்.

அவரே: ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆகவில்லை.

பொத்தான் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வயரை அப்படியே விட்டுவிடுங்கள், ரீசெட் பொத்தான் இல்லாமல் கணினி நன்றாகவே ஓடும். எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி, ஆனால் மல்டிமீட்டரை வைத்து அல்ல, அதில் நான் இன்னும் இறங்கிவரவில்லை.

41 என்று இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். மேலே, முதல் பதில்.