110 கிலோ, வேர்வை, ஒரு வருடத்தில் குழி: எந்த மெத்தை?

எடை 110 கிலோ, படுத்தால் வேர்க்கிறது, மெத்தை ஒரு வருடத்திலேயே குழி விழுந்துவிட்டது, இனி எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் எடைக்கும் திருகோணமலை வெக்கைக்கும் இறப்பர் சேர்த்த தும்பு (தேங்காய் நார்) மெத்தைதான் சரி. 6 அங்குலத்துக்குக் குறையாமல் எடுங்கள். மெமரி ஃபோம் (உடம்பின் வடிவத்துக்கு அமிழ்ந்து கொடுக்கும் ஸ்பொஞ்ச்) வேண்டாம், உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கச்சான் காற்று (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசும் காலத்தில் சொல்லவே வேண்டாம்.

ஒரு வருடத்தில் குழி விழுந்தது என்றால் பெரும்பாலும் அடர்த்தி குறைந்த ஸ்பொஞ்ச். ஆள் அமிழ்ந்தால் காற்று ஓடாது, அதுதான் வேர்வை. இனியும் ஸ்பொஞ்ச்தான் என்றால் கடையில் நிறுக்கச் சொல்லுங்கள்: 6க்கு 5 அடி, 6 அங்குல மெத்தை 13 கிலோவாவது இருக்கவேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

புதிதாக வாங்குவதற்கு முதல் பழைய மெத்தையைத் தரையில் போட்டு இரண்டு இரவு படுத்துப் பாருங்கள். குழி குறைந்தால் பிழை கட்டில் பலகையில்.

தும்பு கொஞ்சம் கடினம். சரிந்து படுப்பவர் என்றால் தோள் நோகலாம்.