சிவப்பு ஃபெராரியும் அறுபதாயிரம் பவுண்டும்

அன்புள்ள ஐயா,

பழைய கார்களைப் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பர்மிங்ஹாமில் குடும்பத்தோடு வசிக்கிறேன். வயது 52. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. பள்ளியில் படிக்கும்போது என் நோட்டு அட்டையில் ஒரு சிவப்பு ஃபெராரியின் படம் ஒட்டியிருந்தேன். அது 308 ஜிடிஎஸ் என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது அதற்காக அறுபதாயிரம் பவுண்டு ஒதுக்க முடியும். மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. “வருஷத்துக்கு எத்தனை நாள் ஓட்டுவீங்க?” என்று மட்டும் கேட்டார். நண்பர் ஒருவரோ, “யோசிக்காதே, பேங்கில் போடுவதைவிட லாபம், விற்றால் வரியும் இல்லை” என்கிறார். வாங்கலாமா? உண்மையில் எவ்வளவு செலவு இழுக்கும்?

ஆர்., பர்மிங்ஹாம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி உங்கள் மனைவி கேட்ட கேள்விதான். வாங்கலாமா கூடாதா என்பதை அதன் பதில்தான் தீர்மானிக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கார். இதன் முதல் வடிவமான 308 ஜிடிபி 1975-ல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமானது. பினின்ஃபரீனா என்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனத்தில் லியோனார்டோ ஃபியோரவாந்தி வரைந்த உருவம். முதலில் வந்த 712 கார்களுக்கு ஃபைபர் கிளாஸ் உடல், பிறகு இரும்புத் தகடு. கூரையைக் கழற்றி வைக்கக்கூடிய ஜிடிஎஸ் 1977-ல் வந்தது. சீட்டுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் படுத்திருக்கும் வி8 இன்ஜினுக்கு நான்கு வெபர் கார்புரேட்டர்கள், ஐரோப்பிய மாடலில் 255 குதிரைத்திறன். புகைக் கட்டுப்பாட்டுக்காக 1980-ல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறினார்கள், அதில் 214 ஆகக் குறைந்தது. 1982-ல் சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்த குவாட்ரோவால்வோலே வந்து 240-க்கு மீட்டது.

2020-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயின் திறனே 245. ஆகவே வேகத்துக்காக யாரும் இந்தக் காரை வாங்க வேண்டியதில்லை. இதன் ஈர்ப்பு வேறு. முதல் கியர் இடப்பக்கம் கீழே இருக்கும். கியர் கம்பி, வெட்டிவைத்த உலோகத் தகட்டின் இடுக்குகளில் டக்கென்று உரசி விழும். காலையில் கியர் ஆயில் குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் விழவே விழாது, முதலிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவ வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லை. நிறுத்தும் இடத்தில் தோள்பட்டை வலிக்கும், அப்புறம் வண்டி நகர ஆரம்பித்ததும் சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் உள்ளங்கைக்கு வந்து சேரும். காது பக்கத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தாண்டி ஏறும் சத்தம் இருக்கிறதே, அதற்கு ஈடாக இன்றைய எந்தக் காரையும் நான் சொல்லமாட்டேன். உங்கள் ஆசை முட்டாள்தனம் இல்லை. மனிதர்கள் செய்த நல்ல பொருள்களில் ஒன்றின் மீது வைத்த ஆசை அது.

சரி, செலவு. இதில் பெரும்பாலோர் கணக்குத் தவறுவது ஒரே இடத்தில்தான்: ஓட்டினால்தான் செலவு என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தக் காரில் நிறுத்தி வைப்பதுதான் செலவு. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்க இன்ஜினுக்கு இரண்டு டைமிங் பெல்ட்கள். மைல் கணக்கு ஏறாவிட்டாலும் ரப்பர் முதிர்ந்துவிடும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும், அதன் பிறகு பில் உங்கள் பட்ஜெட்டையே விழுங்கும். இதில் ஒரு நல்ல சேதி, 308-ல் இன்ஜினைக் கீழே இறக்காமலே பெல்ட்டை மாற்றலாம். டெஸ்டரோஸா, 348, எஃப்355 என்ற மற்ற ஃபெராரிகளை வாங்கியவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே பெல்ட் வேலை என்றாலே இன்ஜின் வெளியே வரவேண்டும்.

டயரும் அப்படியே. பட்டன் தேயாமலே வயதாகிவிடும். கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகும், ஆயில் சீல்கள் இறுகிக் கசியும், பிரேக் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஃபியூஸ் பெட்டியின் இணைப்புகள் சூடாகி உருகுவது இந்த மாடலின் பிறவிக் குறை. ஊரில் பூட்டிப்போட்ட வீடு பத்து வருடத்தில் என்ன கதி ஆகிறதோ, அதே கதிதான். அதனால் விளம்பரத்தில் “மிகக் குறைவாக ஓடியது” என்று பெருமையாகப் போட்டிருந்தால் நான் பயப்படுவேன். வருடம் ஆயிரம், இரண்டாயிரம் மைல் ஓடி, ஒவ்வொரு சர்வீசுக்கும் ரசீது வைத்திருக்கும் கார் அதைவிட எவ்வளவோ மேல். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு துரு. கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவுகள் எல்லாம் உள்ளிருந்து அரிக்கும். இங்கிலாந்துச் சாலைகளில் குளிர்காலத்தில் உப்பு கொட்டுகிறார்கள், அந்த மாதங்களில் காரை வெளியே எடுக்காதீர்கள். இன்ஜின் வேலை எவ்வளவு ஆகும் என்று ஓரளவு முன்பே சொல்லிவிடலாம். தகடு வேலையும் பெயிண்டும் எங்கே போய் நிற்கும் என்று எந்தப் பட்டறையும் உறுதி தராது.

உங்கள் நண்பர் வரி பற்றிச் சொன்னது சரிதான். பிரிட்டனில் சொந்தக் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் நஷ்டம் வந்தால் அதையும் கணக்கில் காட்ட முடியாது. 1988 ஆகஸ்டில் நிறுவனர் என்ஸோ ஃபெராரி இறந்தபின் விலைகள் வெறிபிடித்ததுபோல் ஏறின. உச்சத்தில் வாங்கியவர்கள் 90-களின் தொடக்கத்தில் சரிவைக் கண்ணால் பார்த்தார்கள். விலையைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. முதலீடு என்று நினைத்து வாங்குகிறவர் மைல் ஏறினால் விலை குறையுமே என்று ஓட்டமாட்டார். ஓட்டாத கார் கெடும், கெட்ட கார் விலை போகாது. அதனால் நண்பரின் கணக்கை ஒதுக்கிவிடுங்கள்.

என் அபிப்பிராயம் இது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதம் இரண்டு மூன்று முறையாவது எடுத்து, இன்ஜின் முழுக்கச் சூடாகும் வரை ஓட்டுவேன் என்று மனைவிக்கு மனதாரச் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் வேண்டாம். வாங்கினாலும் காருக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் போகாதீர்கள், மீதிப் பத்தைத் தொடாமல் வையுங்கள். முதல் வருடத்திலேயே அதில் கைவைக்க நேரலாம்.

நாற்பது வயது தாண்டிய கார் என்றால் அங்கே சாலை வரி இல்லை, எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. இருந்தாலும் வருடம் ஒருமுறை சோதனைக்கு விடுங்கள், அந்தச் செலவு உயிருக்கான செலவு. 2021 முதல் பெட்ரோல் பங்குகளில் சாதாரணமாக ஊற்றும், எத்தனால் அதிகம் கலந்த இ10 பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது, எத்தனால் குறைந்த இ5 சூப்பர் போடுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது காரின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசியாகக் கேளுங்கள்.

வாங்குவதற்கு முன் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஃபெராரி மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் எல்லாச் சிலிண்டரிலும் கம்ப்ரெஷனும் கசிவும் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு இடம் தராவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று. ஜிடிஎஸ்ஸை மட்டும் பார்க்காதீர்கள். 1973-ல் பெர்டோனே என்ற இன்னொரு இத்தாலிய நிறுவனம் வடிவமைத்து வந்த 308 ஜிடி4 என்று ஒன்று உண்டு. அதே வி8 குடும்பம், அதே கியர் தகடு, பின்னால் இரண்டு சின்ன சீட்டுகள். கோணல்மாணலாக இருக்கிறது என்று பலர் ஒதுக்கியதால் விலை குறைவு. எனக்கு அந்த உருவம் பிடிக்கும். ஒரே நாளில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், மனைவியையும் பக்கத்து சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். ஜிடி4 போதும் என்று தோன்றினால், மிச்சமாகும் பணத்தில் பெல்ட், டயர், ஃபியூஸ் பெட்டி மூன்றையும் வாங்கிய வாரமே மாற்றிவிடலாம்.